மூலக்கூறின் பெயரும் நுண்ணுயிரின் பெயரும்



நுண்ணுயிர்கள் வெளிவிடும் வாயுக்களை, மில்லிமீட்டர் அளவும் அதற்குக் குறைவுமான அலைநீளம் கொண்ட மின்காந்த அலைகளால் இனங்காண்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். கேட்கும்போது ஏதோ ஆய்வுக்கூடத்தின் மூலையில் நடக்கும் காரியம் என்று தோன்றும். ஆனால் 2020-இல் இதே பொருள் உலகெங்கும் நாளிதழ்களில் தலைப்புச் செய்தியாக வந்தது. அங்கிருந்தே தொடங்குவோம்.

அந்த ஆண்டு செப்டம்பர் 14 அன்று, ஜேன் கிரீவ்ஸ் தலைமையிலான ஆய்வுக் குழு, வெள்ளிக் கோளின் மேகங்களில் பாஸ்பீன் என்ற வாயுவின் தடத்தைக் கண்டதாக அறிவித்தது. ஒரு பாஸ்பரஸ் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது பாஸ்பீன். ஹவாயிலுள்ள ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் தொலைநோக்கியில் 2017-இலும், சிலியின் அட்டகாமா பாலைவனத்திலுள்ள அல்மா தொலைநோக்கி வரிசையில் 2019-இலும் எடுத்த பதிவுகளில், 266.94 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது சுமார் 1.1 மில்லிமீட்டர் அலைநீளத்தில், ஒரு சிறு பள்ளம் தெரிந்தது. கோளிலிருந்து வரும் அலையில் அந்த அதிர்வெண்ணை மட்டும் ஏதோ ஒன்று உறிஞ்சியிருக்கிறது. அது பாஸ்பீன் என்றார்கள். பூமியில் அந்த வாயு சதுப்பு நிலங்களிலும் கழிவுநீர்க் கசடிலும், காற்றுப் புகாத இடங்களில், நுண்ணுயிர் வாழ்க்கையோடு சேர்ந்து தென்படுவது. அப்படியானால் வெள்ளியில் உயிர் உண்டா என்று உலகம் கேட்டது.

எதிர்வாதங்கள் உடனே வந்தன. கந்தக டை ஆக்சைடு என்ற வாயுவுக்கும், பாஸ்பீனின் கோட்டிலிருந்து ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸ் தள்ளி, ஒரு கோடு உண்டு. வெள்ளியில் கந்தக டை ஆக்சைடு ஏராளம். நீங்கள் பார்த்தது அதைத்தான் என்றார்கள் சிலர். அல்மா தரவுகளை அளவு திருத்தி மறுபடி பார்த்தபோது, முதலில் நூறு கோடியில் 20 பங்கு என்று சொன்ன அளவைக் கிரீவ்ஸ் குழுவே கணிசமாகக் குறைத்துக்கொண்டது. இன்னொரு எதிர்வாதம் வேறு வகை. அது பாஸ்பீனாகவே இருக்கட்டும். அதை உண்டாக்கியது உயிர்தான் என்று எப்படிச் சொல்வீர்கள்? பூமியிலேயே எந்த நுண்ணுயிர் எந்த வேதிவழியில் பாஸ்பீனை உண்டாக்குகிறது என்பது தீர்மானமாகாத விஷயம்.

இந்த இரண்டு எதிர்வாதங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இது எந்த மூலக்கூறு என்பது ஒரு கேள்வி. இதை விட்டது யார் என்பது மற்றொரு கேள்வி. இந்த உரை முழுவதும் நான் இவ்விரண்டையும்தான் பிடித்துக்கொண்டு போகப் போகிறேன். முதல் கேள்விக்கு இந்த முறை தரும் விடையின் உறுதியை வேறு பல முறைகளால் தர முடியாது. இரண்டாவது கேள்விக்கு வாயுவைப் பார்த்துக்கொண்டே இருந்தால் விடை வராது. நுண்ணுயிரிடம் நாம் ஏதாவது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

நுண்ணுயிர்கள் எதற்காக வாயுவை விடுகின்றன? உண்டது செரித்தபின் கழிவாகச் சில, தங்களுக்குள் செய்தி சொல்லச் சில, பகைவனை விரட்டச் சில. சூடோமோனாஸ் எருஜினோசா என்ற பாக்டீரியா, கூட்டம் பெருகி ஆக்சிஜன் குறையும்போது ஹைட்ரஜன் சயனைடு என்னும் நச்சு வாயுவை உண்டாக்குகிறது. ஈ. கோலை டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை உடைத்து இண்டோல் என்ற நாற்றப் பொருளைத் தருகிறது. மீன் கெடும்போது வரும் நெடியின் பெரும்பகுதி, மீனின் தசையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு சேர்மத்தைப் பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமீனாக மாற்றுவதால் வருவது. கோடை மழையின் முதல் துளிகள் விழுந்ததும் எழும் மண் மணத்தில் முக்கியப் பங்கு ஜியோஸ்மின் என்ற சேர்மத்துக்கு உண்டு. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனங்கள் அதை உண்டாக்குகின்றன. தண்ணீரில் ஒரு லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுகொள்ளும். உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜ் நகரில் வேதியியலார் அந்தச் சேர்மத்துக்குப் பெயர் வைப்பதற்கு வெகு முன்பிருந்தே மண் மணத்தை வடித்து அத்தராக விற்றுவந்திருக்கிறார்கள். 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்த மணம் ஸ்பிரிங்டெயில் எனப்படும் சிறு மண்ணுயிரிகளை ஈர்க்கிறது என்றும், அவை வந்து பாக்டீரியாவை மேயும்போது அதன் வித்துகளைச் சுமந்து பரப்புகின்றன என்றும் காட்டியது. நாம் மண்வாசனை என்று ரசிப்பது, ஒரு பாக்டீரியா தன் வித்துகளை எடுத்துச் செல்ல விடுக்கும் அழைப்பு. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத செய்தி இது.

இப்போது அலைகளுக்கு வருவோம்.

வாயு நிலையில் மூலக்கூறுகள் சுழன்றுகொண்டே இருக்கின்றன. ஒரு பம்பரத்தை நீங்கள் விரும்பிய எந்த வேகத்திலும் சுழற்றலாம். மூலக்கூறுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. குவாண்டம் விதிகளின்படி அது சில குறிப்பிட்ட சுழல் நிலைகளில் மட்டுமே இருக்க முடியும். ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஏற வேண்டுமானால், இரண்டுக்கும் இடையிலுள்ள ஆற்றலுக்குச் சரியாகப் பொருந்தும் அலையை மட்டும் உறிஞ்சும். சிறிய மூலக்கூறுகளுக்கு அந்த அலைகள் பெரும்பாலும் மில்லிமீட்டர், சப்மில்லிமீட்டர் பகுதியில், ஏறக்குறைய 100 கிகாஹெர்ட்ஸிலிருந்து சில ஆயிரம் கிகாஹெர்ட்ஸ் வரை அமைகின்றன.

ஹைட்ரஜன் சயனைடை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன், கார்பன், நைட்ரஜன் மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்கும் எளிய மூலக்கூறு. அதன் முதல் கோடு 88.63 கிகாஹெர்ட்ஸ். அடுத்தது 177.26. அதற்கடுத்தது 265.89. நான்காவது 354.51. முதல் எண்ணை இரண்டால், மூன்றால், நான்கால் பெருக்கிப் பாருங்கள். கடைசி இலக்கத்தில் மிகச் சிறிய வேறுபாடுதான் வரும். அந்தச் சிறு வேறுபாடும் பொருளற்றதல்ல. வேகமாகச் சுழலும்போது மூலக்கூறு சற்றே நீள்கிறது. அதன் கணக்கு அது. எந்த அணு எவ்வளவு எடை, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தே இந்த எண்கள் அமைவதால், வேறொரு மூலக்கூறுக்கு இதே வரிசை அமைய வழியில்லை. ஒரு கோடு தற்செயலாக இன்னொன்றின் மேல் விழலாம். வெள்ளிக் கோளில் அந்த ஐயம்தான் எழுந்தது. நான்கு கோடுகள் தத்தம் இடத்திலும் தத்தம் வலிமையிலும் சேர்ந்து தற்செயலாக விழாது. ஆகவே இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் ஒற்றைக் கோட்டை நம்புவதில்லை. அல்மாவுக்கு இரண்டாவது கோடு கிடைத்திருந்தால் அந்த வாதத்தின் பாதி அன்றே முடிந்திருக்கும்.

கோடு எவ்வளவு மெலியதோ அவ்வளவு நல்லது. இங்கே அழுத்தம் குறுக்கே வருகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக்கொள்வதால் ஒவ்வொரு கோடும் சில ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு விரிந்து, அக்கம்பக்கத்துக் கோடுகளோடு கலந்துவிடும். வாயுவை ஒரு குழாயில் அடைத்து, அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தின் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு வரை இறக்கினால், கோடு ஒரு மெகாஹெர்ட்ஸ் அளவுக்குச் சுருங்குகிறது. 200 கிகாஹெர்ட்ஸுக்கும் 300 கிகாஹெர்ட்ஸுக்கும் இடையில் ஒரு லட்சம் மெகாஹெர்ட்ஸ் இருக்கிறது. ஆகவே பத்து, இருபது வாயுக்கள் கலந்திருந்தாலும் ஒவ்வொன்றும் தனித்துத் தெரிய இடம் தாராளமாக உண்டு. இந்த முறையின் முழு வலிமையும் வெற்றிடப் பம்பிலிருந்து வருகிறது என்று சொன்னால் மிகையாகாது.

இன்று மருத்துவமனைகளிலும் உணவு ஆய்வகங்களிலும் மணப்பொருள்களை ஆராய்வதற்கு வாயு வண்ணப்படிவியலும் நிறை நிறமாலையியலும் சேர்ந்த கருவிதான் முதன்மை. 1971-இல் லைனஸ் பாலிங் வாயு வண்ணப்படிவியலைக் கொண்டு மனித மூச்சில் ஏறத்தாழ 250 பொருள்கள் இருப்பதைக் காட்டினார். மூச்சு ஆய்வு என்ற துறைக்கே அது தொடக்கம். அந்தக் கருவிகளைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் நிறை மட்டும் தெரிந்தால் போதாத இடங்கள் உண்டு. அசிட்டோனும் புரோப்பியனால்டிஹைடும் ஒரே அணுக்களால், ஒரே எண்ணிக்கையில் ஆனவை, நிறை 58. கார்பன் மோனாக்சைடுக்கும் நைட்ரஜனுக்கும் நிறை 28. வண்ணப்படிவக் குழாயில் அவற்றைப் பிரிக்கக் காத்திருக்க வேண்டும். சுழற்சி நிறமாலையில் அசிட்டோனும் புரோப்பியனால்டிஹைடும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு பொருள்கள்.

இந்த முறைக்குக் கண் தெரியாத இடங்களையும் சொல்லியாக வேண்டும். மூலக்கூறில் மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால்தான், அதாவது அதற்கு மின் இருமுனைத் திருப்புத்திறன் இருந்தால்தான், அலை அதைப் பிடித்துச் சுழற்ற முடியும். நைட்ரஜன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் ஆகியவை சமச்சீரானவை. அவற்றுக்கு இந்தப் பகுதியில் கோடுகள் இல்லை. இதில் நன்மையும் உண்டு. காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜன் நம் பதிவில் தலைகாட்டாது. நட்டமும் உண்டு. இட்லி மாவைப் பொங்கவைக்கும் கார்பன் டை ஆக்சைடு, சதுப்பில் குமிழும் மீத்தேன், குடல் பாக்டீரியாக்கள் விடும் ஹைட்ரஜன் என்று நுண்ணுயிர்கள் அதிகமாக விடும் வாயுக்களே கண்ணில் படாமல் போகின்றன.

இன்னொரு எல்லை, மூலக்கூறின் பருமன். பெரிய மூலக்கூறுக்குச் சுழல் நிலைகள் மிகமிக அதிகம். அறை வெப்பநிலையில் அதன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கான நிலைகளில் சிதறி நிற்பதால், ஒவ்வொரு கோட்டுக்கும் கிடைக்கும் பங்கு மிகச் சிறிது. கனமான மூலக்கூறின் வலிய கோடுகள் இறங்கி மைக்ரோ அலைப் பக்கம் போய்விடும். ஆகவே மூக்குக்கு அவ்வளவு எளிதாகப் பிடிபடும் ஜியோஸ்மின், பன்னிரண்டு கார்பன் அணுக்கள் கொண்ட அந்த மண் மணப் பொருள், இந்தக் கருவிக்கு ஏற்றதல்ல. இண்டோலும் அப்படித்தான். மூக்குக்கு மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு இதற்கு வெகு தெளிவு. இதை ஒரு மின்னணு மூக்கு என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. மூக்கு அறியும் பலவற்றை இது அறிவதில்லை, இது அறியும் சிலவற்றை மூக்கு அறிவதில்லை.

இவ்வளவு கூர்மையான முறை ஏன் இவ்வளவு காலம் மருத்துவத்துக்கும் உணவுக்கும் வரவில்லை? அலையை உண்டாக்குவது கடினமாக இருந்தது. ஜகதீஷ் சந்திர போஸ் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் 1890-களிலேயே 5 மில்லிமீட்டர் அலைகளை உண்டாக்கி, 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் செய்து காட்டினார். ஆனால் அங்கிருந்து நிறமாலை ஆய்வுக்கு ஏற்ற அலையோடு ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே இறங்க அரை நூற்றாண்டு பிடித்தது. வானொலிக் குழாய்கள் கீழிருந்து எட்டவில்லை. ஒளிக்கருவிகள் மேலிருந்து இறங்கவில்லை. இரண்டாம் உலகப் போர் ரேடாருக்காக வளர்த்த தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்டு, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கார்டி மில்லிமீட்டருக்குக் கீழே முதலில் நுழைந்தார். அவருடைய மாணவர் ஃபிராங்க் டி லூசியா, ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், பரந்த அதிர்வெண் பரப்பை வினாடிகளில் துழாவும் வேக முறையை 1990-களில் உருவாக்கினார். இன்று, 12.5 கிகாஹெர்ட்ஸ் போன்ற எளிதில் கிடைக்கும் அதிர்வெண்ணில் தொடங்கி, டையோடுகளால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று பெருக்கிக்கொண்டே போய் 24 மடங்கில் 300 கிகாஹெர்ட்ஸைத் தொடுகிறார்கள். கார்களில் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் வந்தபின் சிலிக்கான் சில்லுகளும் இந்தப் பகுதியை நெருங்கின. ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபுர்ட் அன் டெர் ஓடர் நகரின் ஐ.எச்.பி. நிறுவனமும் பெர்லினில் உள்ள ஜெர்மன் விண்வெளி மையத்தினரும் சேர்ந்து, சிலிக்கான்-ஜெர்மானியம் சில்லுகளால் 245 கிகாஹெர்ட்ஸ் வாயு உணரியைச் செய்து மூச்சு ஆய்வுக்கு முயன்றுவருகிறார்கள்.

அலை கிடைத்தால் மட்டும் போதாது. எந்தக் கோடு எந்த மூலக்கூறுடையது என்று சொல்லும் பட்டியல் வேண்டும். அதைத் தந்தவர்கள் வானியலாளர்கள். 1968-இல் சார்லஸ் டவுன்ஸ் குழு விண்மீன்களுக்கு இடையில் அம்மோனியாவைக் கண்டதிலிருந்து, நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளை வானில் தேடிக் கண்டிருக்கிறார்கள். தேட வேண்டுமானால் முதலில் பூமியில் அளந்து வைத்திருக்க வேண்டும். அப்படி அளந்தவற்றைத் தொகுத்துக் கலிபோர்னியாவின் ஜெட் உந்து ஆய்வகமும் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகமும் பொதுவில் வைத்திருக்கின்றன. யாரும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். மெத்தனால், எத்தனால், அசிட்டால்டிஹைடு, அசிட்டோன், ஹைட்ரஜன் சல்பைடு, ஹைட்ரஜன் சயனைடு, அம்மோனியா ஆகியவை விண்மேகங்களிலும் உண்டு, பாக்டீரியாக் குடுவையிலும் உண்டு. மாணவ நண்பர்கள் இன்றிரவே அந்தப் பட்டியலைத் திறந்து ஒரு மூலக்கூறை எடுத்துப் பாருங்கள்.

பிரான்சின் வட கடற்கரையில் டன்கிர்க் நகரில் ஒரு குழு இந்த முறையை அன்றாடப் பொருள்களின் மேல் பிரயோகித்துவருகிறது. 2006-இல் சிகரெட் புகையில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு, ஃபார்மால்டிஹைடு மூன்றையும் ஒருசேர அளந்து காட்டினார்கள். புகையில் ஒளிக்கருவிகள் தடுமாறும். துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். இந்த அலையின் நீளத்துக்கு முன்னால் புகைத் துகள் மிகச் சிறியது என்பதால் சிதறல் இல்லை. 2018-இல் அதே குழு பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக உணவு அறிவியலாளர்களோடு சேர்ந்து, சேமித்து வைத்த சால்மன் மீன் கெடும்போது வெளிவரும் ஹைட்ரஜன் சல்பைடை அளந்து வெளியிட்டது. இந்த முறைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது என்பது என் எண்ணம். ஹைட்ரஜன் சல்பைடு இலகுவான மூலக்கூறு, வலிய கோடுகள் கொண்டது. மீன் பொட்டலங்களில் கெடாமலிருக்க நிரப்பும் நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் பதிவில் தெரியாதவை. எந்தப் பாக்டீரியா என்று அங்கே யாரும் கேட்கவும் இல்லை. மீன் உண்ணத் தக்கதா என்பதுதான் கேள்வி.

மூச்சு அவ்வளவு எளிதல்ல. ஓஹையோவின் ரைட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஐவன் மெட்வெடெவ் குழு 2013-இல், மனித மூச்சிலிருந்த அசிட்டோன், எத்தனால் முதலியவற்றை இந்த அலைகளால் அளந்தது. மூச்சை நேரே குழாயில் விட்டால் நீராவியும் காற்றும்தான் நிரம்பும். தேடும் பொருள் மிகச் சிறிதளவு மட்டுமே. ஆகவே உறிஞ்சு பொருள் அடைத்த சிறு குழாயில் முதலில் மூச்சைச் செலுத்திப் பிடித்து, காற்றைப் போகவிட்டு, பிறகு சூடாக்கி வெற்றிட அறைக்குள் விடுகிறார்கள். இங்கேதான் தொல்லை. வழக்கமான உறிஞ்சு பொருள்கள் கனமான சேர்மங்களை நன்றாகப் பிடிக்கும். இலகுவானவை நழுவிப் போகும். நம் அலைக்கோ இலகுவானவைதான் உகந்தவை. போதாததற்கு, அம்மோனியா போன்றவை உலோகச் சுவரில் ஒட்டிக்கொண்டு, அடுத்த மாதிரியை வைக்கும்போது மெல்லக் கழன்று வரும். முதல் நோயாளியின் அம்மோனியாவை இரண்டாவது நோயாளியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. கருவியின் நிறமாலைப் பகுதியைவிட அதன் குழாய்களில்தான் அதிகக் கவனம் வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் தாண்டி விட்டோம், நோயாளியின் மூச்சில் இருப்பது ஹைட்ரஜன் சயனைடுதான் என்று ஐயமற நிறுவிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது கேள்வி காத்திருக்கிறது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் நுரையீரலில் கெட்டியான சளி தங்கி, அதில் சூடோமோனாஸ் குடியேறிவிடுகிறது. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் மருந்தால் விரட்டலாம்; வேரூன்றிவிட்டால் வாழ்நாள் முழுவதும் தொல்லை. சிறு குழந்தைகளால் சளியைக் காறி உமிழ்ந்து கொடுக்க முடியாது. மூச்சு மட்டும்தான் அவர்களால் தர முடிந்தது. இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகளில், வேறு ஒரு நிறை அளக்கும் முறையால், சூடோமோனாஸ் தொற்றிய குழந்தைகளின் மூச்சில் ஹைட்ரஜன் சயனைடு மிகுந்திருப்பதைக் கண்டார்கள். பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் அதே வாயு நலமாக உள்ளவர் வாயிலிருந்தும் வரும். வாயிலுள்ள பாக்டீரியாக்களும் அதை உண்டாக்குகின்றன. வீட்டில் யாராவது புகைத்தால் அதிலிருந்தும் வரும். கிருமியோடு போராடும் நம் வெள்ளணுக்களே சிறிதளவு ஹைட்ரஜன் சயனைடை உண்டாக்க வல்லவை. மறுபுறம், சூடோமோனாஸ் இருந்தும் வாயு குறைவாக விடும் வகைகளும் உண்டு. மூலக்கூறின் பெயரில் நமக்கிருக்கும் உறுதி, நுண்ணுயிரின் பெயருக்குப் போகும்போது கரைந்துவிடுகிறது. கருவியை இன்னும் நூறு மடங்கு கூர்மையாக்கினாலும் இந்த நிலை மாறாது. ஒரு வாயுவுக்குப் பதில் பத்து வாயுக்களின் விகிதத்தைப் பார்த்துக் கணினியிடம் விடுவது ஒரு வழி. பலர் அதைச் செய்கிறார்கள். ஆனால் நேற்று உண்ட உணவும், மருத்துவமனை அறையைத் துடைத்த கிருமிநாசினியும் அந்த விகிதத்தில் கலந்திருக்கும். எனக்கு அதைவிட நம்பிக்கை தரும் வழி ஒன்று, ஏற்கெனவே நடைமுறையில் இருக்கும் ஒரு சோதனையில் தெரிகிறது.

பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் கண்டதற்காக 2005-இல் நோபல் பரிசு பெற்றவர்கள். அந்தக் கிருமி வயிற்றில் இருக்கிறதா என்று பார்க்க நோயாளிக்கு யூரியா கரைத்த நீரைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். அந்த யூரியாவின் கார்பன், சாதாரணக் கார்பன் 12 அல்ல. சற்றே கனமான கார்பன் 13. கதிரியக்கம் இல்லாதது, குழந்தைக்கும் கொடுக்கலாம். யூரியாவை உடைக்கும் நொதி மனித உயிரணுக்களில் இல்லை, ஹெலிகோபாக்டரிடம் ஏராளம். அரை மணி நேரத்தில் மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடில் கார்பன் 13 மிகுந்திருந்தால், வயிற்றில் அந்தக் கிருமி இருக்கிறது. இங்கே வாயுவின் பெயருக்கு எந்த முக்கியத்துவமும் இல்லை. ஒவ்வொரு மூச்சிலும் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. நாம் அடையாளமிட்டுக் கொடுத்த உணவு வாயுவாகித் திரும்பி வந்ததா என்பதுதான் விடை.

கார்பன் டை ஆக்சைடு நம் அலைக்குத் தெரியாது என்றேன். ஆனால் ஐசோடோப்பைப் பிரித்தறிவதில் சுழற்சி நிறமாலைக்கு நிகர் அரிது. ஓர் அணு கனத்தால் சுழற்சி மாறும். கோடுகள் எல்லாம் இடம் பெயரும். ஹைட்ரஜன் சயனைடின் நான்காவது கோடு 354.51 கிகாஹெர்ட்ஸ் என்றேன் அல்லவா? அதன் கார்பன் 13 வடிவத்துக்கு அது 345.34. இடைவெளி ஒன்பதாயிரம் மெகாஹெர்ட்ஸுக்கு மேல். கோட்டின் அகலமோ ஒரு மெகாஹெர்ட்ஸ் அளவுதான். குழப்பத்துக்கு இடமே இல்லை. இயற்கையில் கார்பன் 13 சுமார் 1.1 விழுக்காடு எங்கும் உண்டு. அதற்கு மேல் தெரிவதெல்லாம் நாம் கொடுத்ததிலிருந்து வந்தது.

மனித உடலில் இதைச் செய்வதற்கு முன் ஆய்வகக் குடுவையில் செய்து பார்க்கலாம். நுண்ணுயிரியல் படித்தவர்களுக்குச் சார்பிட்டால் சோதனை தெரிந்திருக்கும். ஈ. கோலை இனத்தின் பெரும்பாலான வகைகள் சார்பிட்டாலை விரைவில் புளிக்கவைக்கும். கொடிய வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஓ157 வகை பொதுவாக அதைச் செய்வதில்லை. தட்டில் வளர்த்து, நிறம் மாறுகிறதா என்று மறுநாள் பார்ப்பது வழக்கம். நிறத்துக்குப் பதில் வாயுவைப் பார்ப்போம். ஒரு குப்பியில் முதல் கார்பன் மட்டும் கார்பன் 13 ஆக அமைந்த சார்பிட்டால். இன்னொன்றில் அதேபோல் அடையாளமிட்ட குளுக்கோஸ். இரண்டிலும் ஆக்சிஜன் இல்லாமல் பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். இரண்டு சர்க்கரைகளும் செரிமானப் பாதையில் உடையும்போது முதல் கார்பன் போய்ச் சேரும் இடம், உண்டாகும் எத்தனாலின் மெத்தில் முனை. ஆறு கார்பன் சர்க்கரை இரண்டாகப் பிளவுபடுவதால், வரும் எத்தனாலில் ஏறத்தாழப் பாதியில் அந்த அடையாளம் இருக்கும். சாதாரண ஈ. கோலை என்றால் இரண்டு குப்பிகளிலும் கார்பன் 13 எத்தனால் வரும். ஓ157 என்றால் குளுக்கோஸ் குப்பியில் மட்டும் வரும். அறையைத் துடைத்த எத்தனாலோ, பிளாஸ்டிக் மூடியிலிருந்து கசியும் ஆவியோ இந்தக் கணக்கைக் கலைக்க முடியாது. அவற்றில் அடையாளம் இல்லை.

இதற்கு வேண்டிய கோடுகளின் பட்டியலும் தயாராக இருக்கிறது. எத்தனாலில் ஒரே ஒரு கார்பன் 13 இருக்கும் இரு வடிவங்களையும், மெத்தில் முனையில் இருப்பதையும் அடுத்த கார்பனில் இருப்பதையும் தனித்தனியாக, விண்மேகங்களில் தேடுவதற்காக அளந்து 2012-இல் வெளியிட்டிருக்கிறார்கள். கொலோன் ஆய்வுக்கூடம் அதில் பங்குகொண்டது. அடையாளமிட்ட சர்க்கரைகளை வேதிப்பொருள் விற்பவர்களிடம் வாங்கலாம். நோய்க் கிருமியைக் கையாளத் தக்க பாதுகாப்புள்ள நுண்ணுயிரியல் துறை ஒன்றும், வெற்றிடக் குழாயும் 300 கிகாஹெர்ட்ஸ் மூலமும் வைத்திருக்கும் இயற்பியல் துறை ஒன்றும் சேர வேண்டும். நோயற்ற சாதாரண ஈ. கோலையைக் கொண்டு முதல் பாதியைத் தொடங்க அந்தப் பாதுகாப்புகூட முழுதும் தேவைப்படாது. முதலில் பார்க்க வேண்டியது, ஓர் இரவு வளர்ச்சிக்குப் பின் குப்பியின் மேற்காற்றில் உள்ள நீராவியை விலக்கி எத்தனாலை எவ்வளவு இழப்பில்லாமல் குழாய்க்குள் கொண்டுவர முடிகிறது என்பது. அதை அளந்துவிட்டு, பிறகு சர்க்கரையை மாற்றுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போதே பேசலாம்.